அண்டை வீட்டு உப்பு உடம்பை ஒன்றும் செய்யாது

அல்லாஹ்வின் பெயரால். பிஸெர்த்தாவில் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் அருமைத் தம்பி ஷாத்லிக்கு, ஸ்பாக்ஸிலிருந்து உன் அண்ணன் ஹமூதா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. உன் மேல் சாந்தி உண்டாகட்டும். உன் மனைவி மேலும், பிள்ளைகள் மேலும், போன வருஷம் உன் வீட்டு மொட்டைமாடியில் என் முழங்காலைக் கொத்திய அந்தச் சேவல் மேலும் உண்டாகட்டும், அது இன்னும் குழம்பாகாமல் இருந்தால். இங்கே நான் சுகம். உன் அண்ணி மஹ்பூபா சுகம். பேரப்பிள்ளைகள் தேவைக்கு மேல் சுகம். முற்றத்துக் கூரை ஒழுகுகிறது, ஆனால் மழை பெய்யாததால் அதுவும் சுகம் என்றே சொல்ல வேண்டும்.

நோன்புப் பெருநாளுக்கு நீ வரவில்லை, கடிதம் வந்தது. அடுத்த வீட்டு நெஃபீஸாதான் படித்துச் சொன்னாள். தபால் ஆபீசில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள், யார் கையெழுத்தையும் படித்துவிடுவாள், உன்னுடையதைக்கூட. இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான். டெலிபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். எங்கள் வீட்டு டெலிபோன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. நான் சொல்லப்போவதில் பாதி உன் அண்ணி காதில் விழக்கூடாதது, மீதிப் பாதி விழவே கூடாதது. ஆகவே நெஃபீஸா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவள் வேகவைத்த கொண்டைக்கடலையைத் தின்றுகொண்டே சொல்கிறேன். உனக்கும் ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார், உன் மனைவி ஆலிவ் ஜாடியைப் பூட்டி வைத்துவிட்டாள், இனி எதற்கு உயிரோடு இருப்பது என்று எழுதியிருக்கிறாய். கண்ணைத் துடைத்துக்கொள். மூக்கையும் துடைத்துக்கொள். உன் அண்ணன் அந்தக் கடலை நீந்திக் கரையேறிவிட்டான். எப்படி என்று சொல்கிறேன், நீயும் அதே மாதிரி நீந்து.

நம் அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், என்னை உப்பளத்துக்கு அனுப்பினார். உனக்கு எழுத்து வந்தது, எனக்கு நாக்கு வந்தது. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு எல்லாம் நினைவில் இருக்கும். நீ ஏழு வயதில் பெருநாள் காலையில் இரண்டு துண்டு உப்பு மீனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழுகைக்கு வந்ததும், தெருப்பூனைகள் எல்லாம் உன் பின்னால் பள்ளிவாசல்வரை ஊர்வலம் வந்ததும், அப்பா பூனைகளை விரட்டாமல் உன்னை விரட்டியதும் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அந்த மீன் களவா மீன். ஊறப்போட்டது போதவில்லை, அம்மாவோடு அப்பா சண்டை போட்டார். பாத்தி பாத்தியாகப் பலகையால் உப்பு வாரிய ஆள் நான். ஒரு கல்லை நாக்கில் வைத்தால் அது எந்தப் பாத்தி, வாரிய வாரத்தில் காற்று கடலிலிருந்து அடித்ததா பாலைவனத்திலிருந்து அடித்ததா என்று சொல்வேன். பூநாரைகள் எந்தப் பக்கம் நின்றன என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் நோன்பு மாதம் பிறப்பதற்குச் சற்று முன்னால் டாக்டரம்மா பட்டையைக் கையில் சுற்றி, பம்பை அமுக்கி, முகத்தைச் சுளித்து, "ஹாஜியாரே, இந்த அழுத்தத்தோட நீங்க படியேறி வந்ததே பெரிய விஷயம். உப்பைக் குறைங்க. நோன்பு மாசம் முடியறதுக்குள்ள இறங்கலைன்னா மாத்திரைதான்" என்றாள். நான் சொன்னேன், "அம்மா, நான் உப்பளத்துல வேலை பார்த்தவன், எனக்கு உடம்புல ஓடறதே அதுதான்." அவள் சிரித்தாள். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அண்ணி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த காரியத்தைக் கேள். சமையலறையில் உப்புக் கிண்ணம் காலி. எலுமிச்சை ஊறுகாய் ஜாடி வெளியே. ஆலிவ், கேப்பர் மொட்டு, உப்புக்கண்டம் எல்லாம் வெளியே. நான் வேலையை விட்டு வரும்போது உப்பளத்தில் எனக்கு மரியாதை செய்து கொடுத்த மூட்டை இருக்கிறதே, வெள்ளை வெளேரென்று, நான் சாகும்வரை வைத்திருப்பேன் என்று பூட்டி வைத்திருந்தது, அதைச் சந்துமுனை ஆலிவ்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த ஆள் அதை வாங்கிக்கொண்டு "அல்லாஹ் உங்க வீட்டுக்காரருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்" என்று துவா வேறு செய்தானாம். பிறகு என் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன் அண்ணி ஒரு சத்தியம் செய்தாள். "பெருநாளுக்கு முன்னால டாக்டரம்மாகிட்ட மறுபடி போவோம். அந்த அழுத்தக் கருவியில ஊசி இறங்கியிருந்தா பெருநாள் காலைச் சாப்பாடு எப்பவும் போல இந்த வீட்டுல. இறங்கலைன்னா எல்லாரும் என் தம்பி புபாக்கர் வீட்டுக்குப் போறோம். இது சத்தியம்."

ஷாத்லி, புபாக்கர் வீட்டுக்கு! உனக்குத் தெரியும், பெருநாள் காலையில் உப்பு மீனும் ஷர்மூலாவும் நம் வீட்டில்தான். தாத்தா காலத்தில் நம் வீட்டில், அப்பா காலத்தில் நம் வீட்டில், அப்பா போன அந்த வருஷம்கூட அழுதுகொண்டே நம் வீட்டில்தான். மகள்களும் மருமகன்களும் பேரப்பிள்ளைகளும் தொழுகை முடிந்து வந்து அந்தப் பெரிய மேசையைச் சுற்றி உட்கார, முதல் துண்டை நான் வாயில் போட்டு "ம்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை நீளும். புபாக்கர் வீட்டு ஷர்மூலாவை ஒருமுறை தின்றிருக்கிறேன். வெங்காயத்தையும் உலர்திராட்சையையும் ஆலிவ் எண்ணெயில் நாளெல்லாம் சுண்ட வைக்க வேண்டியதை, அவன் மதியத் தூக்கத்துக்கு முன்னால் அடுப்பில் வைத்து, எழுந்த பிறகு இறக்கினான். ரோடு போடுகிறவர்கள் வந்து கேட்டிருந்தால் தாருக்குப் பதிலாகக் கொடுத்திருக்கலாம். அந்த மேசையின் தலைமாட்டில் புபாக்கர் உட்கார்ந்து "ம்" சொல்ல, நான் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பதா? இப்போது புரிகிறதா உன் அண்ணன் எதற்காகப் போராடினான் என்று?

முதல் வாரம் வீட்டில் நடந்தது சமையல் இல்லை, பரிசோதனை. முதல் நாள் சூப்பில் எலுமிச்சை. ஒன்று பிழிந்தாளா ஒரு மரத்தையே பிழிந்தாளா தெரியவில்லை, வாயில் வைத்ததும் என் இரண்டு கண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மறுநாள் பூண்டு. அன்று மாலை நான் பேசிய எல்லாரும் ஓரடி பின்னால் நின்று பேசினார்கள், நாவிதன் மட்டும் தப்ப முடியாமல் நின்றான், பாவம். அதற்கடுத்த நாள் லவங்கப்பட்டையும் காய்ந்த ரோஜா மொட்டும் போட்டு ஒரு ஆட்டுக்கறி. கறி நன்றாக மணந்தது, கல்யாணப் பெண் மாதிரி மணந்தது, அதைக் கடிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். "யாருக்குக் கல்யாணம்?" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், போகப்போக அவளுக்குக் கை வந்துவிட்டது. சீமைச்சோம்பையும் கொத்தமல்லி விதையையும் வெறும் சட்டியில் வறுத்துச் சூட்டோடு இடிக்கிறாள். தக்காளி விழுதை எண்ணெய் பிரியும்வரை விடாமல் கிளறுகிறாள். மிளகாய் விழுதை உப்பில்லாமல் வீட்டிலேயே அரைக்கிறாள். அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு சொட்டு வினிகர், எலுமிச்சைத் தோல் சீவல் கொஞ்சம், கையால் கசக்கிய காய்ந்த புதினா. மணம் தெருவரை போகிறது. ரொட்டியையும் கடையில் வாங்காமல் எள்ளும் பெருஞ்சீரகமும் போட்டு அவளே சுடுகிறாள். நன்றாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியுமா? உப்பில்லாத சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று உப்பளத்துக்காரன் சொல்வதற்கு அவன் கபுறுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இந்த நேரத்தில்தான் நோன்பு பிறந்தது, அல்லாஹ் கதவைத் திறந்தான். நம் சந்தின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நோன்பு திறக்கும் பாங்குக்குச் சற்று முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு தட்டு போகும், போன தட்டு வெறுமனே திரும்பாது. உன் அண்ணி உப்பை விலக்கினது அவள் சமையலறையில்தானே? அண்டை வீட்டில் இல்லையே? முதல் நாளே சொன்னேன், "மஹ்பூபா, உனக்கு முழங்கால் வலி. தட்டெல்லாம் நானே கொண்டு போறேன்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களா? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு தண்ணிக் கிளாஸ் எடுத்து வச்சதில்லை" என்றாள். "நோன்பு மாசம். நன்மை சேர்த்துக்கறேன்" என்றேன். "சேர்த்துக்கோங்க, சேர்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே திரும்பிக்கொண்டாள். சந்தேகமே படவில்லை. இவ்வளவு வருஷம் குடித்தனம் செய்தும் இந்தப் பெண்களுக்கு நம் மூளையின் ஆழம் தெரிவதில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு நேராக நெஃபீஸா வீட்டு வாசலில் போய் நின்றேன். "நெஃபீஸா, நீ என் கூடப் பொறந்தவ மாதிரி. ஒரு உதவி. உன் சமையல்ல எனக்குன்னு வைக்கறதுல உப்பு கொஞ்சம் தாராளமா போடு. மஹ்பூபாவுக்குத் தெரியக்கூடாது." அவள் யோசித்தாள். பொய் சொல்லக்கூடாது, ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, "பாவமாத்தான் இருக்கு உங்களைப் பார்த்தா. சரி ஹமூதா அண்ணே, எங்கிட்ட விட்டுடுங்க" என்று சொல்லி, முட்டை வைத்து மடித்துப் பொரித்த பிரிக் பலகாரத்தை என் கண் எதிரிலேயே தட்டில் வைத்து, அடுப்பு மேடையில் இருந்த உப்புக் கிண்ணத்தில் கையை விட்டு, வெள்ளையாக ஒரு பிடி எடுத்து மேலே தூவினாள். ஒரு பிடி, ஷாத்லி! மழை பெய்த மாதிரி! நான் அதைத் துணிபோட்டு மூடி வீட்டுக்கு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்து, அடுத்து அந்தப் பிரிக்கைக் கடித்தேன். பல்லுக்கு அடியில் கறுக் கறுக்கென்று கல் உடைந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கறுக்கை வைத்தே சொல்லிவிட்டேன், அது கடலோரத்து மூன்றாவது பாத்தி உப்பு, தெற்குக் காற்று அடித்த வாரத்தில் வாரியது. மறுநாள் நெஃபீஸாவிடமும் சொன்னேன். அவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். "எப்படி அண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றாள். அவ்வளவு ஆச்சரியம் அவளுக்கு.

அன்றிலிருந்து தினமும் அவள் வீட்டுத் தட்டுதான் எனக்குச் சாப்பாடு. ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பார்லிக் கஞ்சி, ஒருநாள் சீரகமும் பூண்டும் போட்ட மீன் சாறு. எதிர்வீட்டிலும் கோடிவீட்டிலும்கூடச் சொல்லி வைத்தேன், எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் தாராளமாக உப்பு போட்டார்கள். உன் அண்ணி சமைத்ததற்கும் நெஃபீஸா சமைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நெஃபீஸா, இதை அப்படியே எழுது, நீ கூச்சப்படாதே. ஒரே மீன், ஒரே சீரகம், ஒரே எண்ணெய்; இவள் வைத்தால் உயிர் இருக்கிறது, அவள் வைத்தால் மணம் மட்டும்தான் இருக்கிறது. அந்த உயிர் என்ன? உப்பு!

நடுவில் ஒரு விபத்து. தட்டு மாலையில்தான் வரும், கையிருப்பு வேண்டாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை ஆலிவ்காரன் கடைக்குப் போய், என் சொந்த மூட்டையிலிருந்து ஒரு கட்டி உப்பைக் கெஞ்சி வாங்கி, நோன்பு திறந்த பிறகு நக்கிக்கொள்ளலாம் என்று சிவப்புக் குல்லாய்க்குள் வைத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பள்ளிவாசலில் விசிறி ஓடவில்லை. வேர்வை குல்லாய்க்குள் ஊறி, கட்டி கரைந்து, உப்புத் தண்ணீராக நெற்றி வழியே இறங்கி இரண்டு கண்ணிலும் புகுந்தது. சரியாக அந்த நேரத்தில் இமாம் நரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் குலுங்கிக் குலுங்கி அழுகிறேன். துடைக்கத் துடைக்க இன்னும் எரிகிறது, இன்னும் அழுகிறேன். இமாம் பேச்சை நிறுத்தி, "பாருங்கள் இந்த முதியவரை, இதுவல்லவா இறையச்சம்" என்று கை காட்டினார். ஊரே திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்து என் தோளில் முத்தமிட்டார்கள். புபாக்கர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்களைப் பத்தி நான் என்னென்னவோ நெனைச்சிருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று அவனும் அழுதான். மன்னித்தேன். வேறென்ன செய்வது? வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன வெள்ளைக் கோடு?" என்றாள். "கண்ணீர் காய்ஞ்ச தடம்" என்றேன். "நெத்தியில இருந்தா அழுதீங்க?" என்றாள். நான் இறையச்சத்தில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. குல்லாயில் இருந்த உப்பு முழுக்க என் கண்ணுக்குப் போய்விட்டது, நாக்குக்கு ஒரு துளி இல்லை. ஆனாலும் அன்று மாலை நெஃபீஸாவின் தட்டு என்னைக் காப்பாற்றியது.

பெருநாளுக்கு முந்தின வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். தம்பி, அன்று காலை எனக்கு இருந்த பயம், சொந்தக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. ஒரு மாதமாகப் பிடி பிடியாக உப்பு தின்றவன். ஊசி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும், புபாக்கர் என் மேசைக்குத் தலைவனாவான், முடிந்தது கதை என்று பட்டைக்குள் கையை நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பம்பு சத்தம் நின்றது. மறுபடி அமுக்கினாள். மற்றக் கையில் சுற்றி அமுக்கினாள். பிறகு, "ஹாஜியாரே, மாஷா அல்லாஹ்! நல்லா இறங்கியிருக்கு. இப்படியே இருங்க, மாத்திரை வேண்டாம்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தால் உன் அண்ணி முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழியெல்லாம் யோசித்தேன். யோசித்ததில் பிடிபட்டது. தன் வீட்டில் தானாகப் போட்டுத் தின்னும் உப்புதான் ரத்தத்தில் ஏறுகிறது. அண்டை வீட்டார் பிரியமாகக் கொடுக்கும் உப்பு ஏறுவதில்லை. அது தர்மத்தில் சேர்ந்தது. தர்மம் எங்காவது ரத்தத்தை அழுத்துமா? இதை எந்த டாக்டரும் படித்திருக்க முடியாது, ஏனென்றால் எந்த டாக்டரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதில்லை.

பெருநாள் காலை என் மேசை, என் நாற்காலி, என் தலைமாடு. ஷர்மூலா கறுப்புத் தேன் மாதிரி பளபளத்தது. உப்பு மீனை மற்றவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய தட்டத்தில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தனித் தட்டில் உன் அண்ணியே பரிமாறினாள். "இன்னிக்கு ஒருநாள் உப்பு மீன் சாப்பிடுங்க. ஜெயிச்சுட்டீங்கள்ல" என்றாள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து, ஷர்மூலாவில் புரட்டி, வாயில் போட்டு, கண்ணை மூடினேன். அடடா! மெத்தென்று இருந்தது, நாக்கில் பட்டதும் இழை இழையாகப் பிரிந்தது. மேசையைத் தட்டிச் சொன்னேன்: "உப்புன்னா இதுதான் உப்பு! இவ்வளவு சரியா ஊறின மீனை அப்பா காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் தின்னறேன். ம்!" அந்த "ம்"மைக் கேட்டதும் மேசையில் ஒரே சந்தோஷம். மூத்தவள் வஸீலா சிரித்துச் சிரித்துப் புரையேறி சமையலறைக்கு ஓடினாள். இரண்டு மருமகன்களும் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டு வெகுநேரம் மேலே வரவில்லை. பேரப்பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். பெருநாள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! புபாக்கர் மட்டும், "மச்சான், அவ்வளவு ருசியா? எனக்கும் ஒரு துண்டு" என்று என் தட்டில் கை வைக்கப் போனான். உன் அண்ணி கரண்டியால் அவன் விரலில் ஒரு போடு போட்டாள். "அது அவருக்கு வச்சது. நீ உன் தட்டைப் பார்த்துத் தின்னு" என்றாள். ஷாத்லி, இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவளுக்கு என் மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே தம்பி, உனக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் மனைவி எதை ஆக்கினாலும் பேசாமல் தின்னு. அவள் கண்ணில் படும்படி உப்புக் கிண்ணத்தைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடு. பிறகு அண்டை வீட்டுக்குப் போ. உங்கள் மாடிக்கு எதிரே அந்த மீன்காரர் வீடு இருக்கிறதே, அவர்கள் கை தாராளமான கை, போன வருஷம் அவர்கள் கொடுத்த மத்தியைத் தின்றுவிட்டு நான் ஒரு குடம் தண்ணீர் குடித்தேன். அங்கே போய் வெட்கப்படாமல் கேட்டு, நன்றாக உப்புப் போட்டு வாங்கித் தின்னு. பயப்படாதே. உன் அண்ணனே அதற்குச் சாட்சி.

உன் மனைவிக்கு என் ஸலாம், ஆலிவ் ஜாடியின் சாவி அவள் கையில் இருக்கும்வரை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பாக முத்தம் கொடு. அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தையும், உன் அண்டை வீட்டில் உப்பையும் குறையாமல் வைக்கட்டும். அடுத்த பெருநாளுக்கு நீ வராவிட்டால் உன் பங்கு மீனைப் பூனைகளுக்குப் போடுவேன், அவற்றுக்கு உன்னை இன்னும் நினைவிருக்கும்.

உன் அண்ணன்,
ஹமூதா
(பெருவிரல் ரேகை. கொண்டைக்கடலை எண்ணெய் பட்டிருக்கிறது, மன்னிக்கவும்.)

பின்குறிப்பு: சகோதரர் ஷாத்லி அவர்களுக்கு நெஃபீஸாவின் ஸலாம். அண்ணன் சொன்னது ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். தபால் ஆபீசில் பழகிய கை, கூட்டவும் வராது, குறைக்கவும் வராது. ஆனால் அந்த மீன்காரர் வீட்டுக்கு நீங்கள் புறப்படுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

உப்பே இல்லை. என் தட்டில் ஒருநாளும் இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை, கோடிவீட்டிலும் இல்லை. முதல் தடவை டாக்டரிடம் போய் வந்த அன்றே மஹ்பூபா என் முற்றத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். "பெருநாள் எந்த வீட்டுல நடந்தா எனக்கென்ன நெஃபீஸா? மேசைத் தலைமாட்டுல அந்த மனுஷன் உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நான் உப்பை விலக்கினா அவர் உங்க வாசலுக்குத்தான் வருவார், எனக்கு அவரைத் தெரியும்" என்றாள். சந்து முழுக்க அவளே போய்ச் சொல்லி வைத்தாள். உப்புக் கிண்ணத்தில் நான் வைத்திருந்தது வறுத்த ரவை. கறுக்கென்று உடைந்ததும் அதுதான், கடலோரத்து மூன்றாவது பாத்தியும் அதுதான். இன்னொன்று, எனக்கு மீன் சாறு அவ்வளவு நன்றாக வராது. பாதி நாள் மஹ்பூபா ஆக்கியதையே மாடிச் சுவர் வழியாக வாங்கி, என் தட்டில் வைத்து, ரவையைத் தூவி அவரிடம் கொடுத்தேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தட்டு மட்டும்தான். இதை அவளிடம் சொன்னபோது கோபப்படுவாள் என்று நினைத்தேன். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் சமையலைப் பாராட்டறார், விடு" என்றாள். பெருநாளன்று அவர் தட்டில் இருந்தது அன்று காலை கடலிலிருந்து வந்த களவா மீன், எலுமிச்சைத் தோலும் சீரகமும் போட்டு ஆவியில் வேகவைத்தது. மேசையில் அவரையும் புபாக்கரையும் தவிர எல்லாருக்கும் தெரியும். புபாக்கருக்குச் சொன்னால் இமாமுக்கே தெரிந்துவிடும்.

எனவே நீங்களும் அண்டை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், தடையில்லை. உங்கள் மனைவியிடம் மஹ்பூபா நேற்றே டெலிபோனில் பேசிவிட்டாள். மீன்காரர் வீட்டில் ரவை வறுத்து வைத்திருப்பார்கள். சீமைச்சோம்பை மட்டும் கருகவிடாமல் இறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்று அண்ணன் கேட்கிறார். ஸலாம் எழுதுகிறேன் என்றேன். "எழுது, எழுது" என்று சொல்லிவிட்டுக் கடலைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துகிறார். "கொண்டைக்கடலை நல்லாத்தான் இருக்கு நெஃபீஸா. ஆனா இன்னிக்குக் கொஞ்சம் உப்புக் கரிக்குது. கையைக் குறைச்சுக்கோ, உனக்கும் வயசாகுது."